லியர் மன்னனுக்கு ஒரு நல்ல நொத்தாரிசு வாய்க்கவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஷேக்ஸ்பியரின் சிறந்த நாடகங்கள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். ஹம்லெட் முதலாவது, மக்பெத் இரண்டாவது, பிறகு ஒதெல்லோ, ரோமியோ யூலியட் என்று வரிசை போட்டு, லியர் மன்னனைக் கடைசியில் தள்ளிவிட்டிருக்கிறார் கட்டுரையாளர். அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். அது ஒரு பிடிவாதக்காரக் கிழவனின் கதை, எங்கள் சூழலுக்குத் தூரம் என்றும் சொல்லிவிட்டார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தக் கடிதம். யாழ்ப்பாணத்தில் காணி உறுதி எழுதுகிற கந்தோர் வாங்கிலில் ஒரு காலைப்பொழுது குந்தியிருந்தவர் கூட அப்படி எழுதமாட்டார்.

நான் கச்சேரிப் பக்கம் ஒரு பிரக்கிராசியாரின், அதாவது சட்டத்தரணியின், கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரக்கிராசி என்ற பெயர் சட்டத்தில் இல்லாமல் போய் எத்தனையோ வருஷம். ஊர்ச்சனத்துக்கு அவர் கடைசிவரை பிரக்கிராசியார்தான், எனக்கு ஐயா. சட்ட அறிக்கைகள் அடுக்கிய அலுமாரியின் மேல்தட்டில் ஷேக்ஸ்பியர் முழுத் தொகுதி ஒன்று வைத்திருந்தார். முதுகு கிழிந்து, சீலைத்துண்டு வைத்து ஒட்டிய தடித்த புத்தகம். கட்சிக்காரர் வராத பின்னேரங்களில் அதை எடுத்து உரத்து வாசிப்பார், பிறகு தமிழில் எனக்கு விளங்கப்படுத்துவார். காதல் காட்சிகளைப் பக்கம் பக்கமாகத் தாண்டிவிடுவார். கடன் முறி, காணி ஈடு, மரணசாதனம் என்கிற உயில், சீதனம் வருகிற இடங்களில்தான் அவருடைய பென்சில் கோடு இருக்கும். நான் ஷேக்ஸ்பியருக்குள் போனது அந்தக் கோடுகளின் வழியாக. ஆகவே என் விருப்பப் பட்டியலும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், பேராசிரியர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

லியர் மன்னனின் முதலாவது காட்சியை எடுத்துப் பாருங்கள். கிழவர் நிலப்படத்தைக் கொண்டுவரச் சொல்கிறார். நாட்டை மூன்று பங்காகப் பிரித்தாயிற்று. தன்னில் யாருக்குக் கூடிய அன்பு என்று பெண்களிடம் கேட்கிறார். மூத்தவள் கொனரில் வாய் நிறையச் சொல்கிறாள், பங்கு கிடைக்கிறது. அடுத்தவள் ரீகன் அதற்கு மேலே ஏறிச் சொல்கிறாள், அவளுக்கும் கிடைக்கிறது. இளையவள் கொடீலியா, சொல்ல ஒன்றுமில்லை என்கிறாள். பிள்ளை என்ற கடமைக்கு உரிய அன்பு உண்டு, கூடவும் இல்லைக் குறையவும் இல்லை, நாளைக்குக் கல்யாணம் செய்தால் அதில் பாதி புருஷனுக்குப் போகும் என்கிறாள். கணக்குச் சரியாகத்தான் சொன்னாள். அவளுக்கென்று வைத்திருந்த நல்ல துண்டும் மற்ற இரண்டு பேருக்கும் போகிறது.

எல்லாவற்றையும் கொடுத்து முடித்த பிறகுதான் கிழவர் தனக்கு வேண்டியதைச் சொல்கிறார். ராசா என்ற பெயர் என்னோடு இருக்கும், நூறு வீரர்கள் என்னோடு இருப்பார்கள், அவர்களைத் தாபரிப்பது உங்கள் பொறுப்பு, மாதம் மாறி மாதம் ஒவ்வொருத்தி வீட்டிலும் தங்குவேன். இந்த இடத்துக்கு வந்ததும் ஐயா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பார், "எழுத்தில எங்க?"

கேள்வி நியாயமானது. எங்கள் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. காணியைப் பற்றிய எந்தக் கொடுக்கல் வாங்கலும் எழுத்தில், உறுதி எழுதிச் சான்று வைக்கிற ஒரு நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் ஒப்பமிடப்பட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. லியரின் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி யார்? கேட்டுக்கொண்டு நின்ற பெரியவர்களில் நேர்மையான ஆள் கென்ற் பிரபு. அவரை அதே காட்சியில் நாடு கடத்தியாயிற்று. மிச்சம் நின்ற பெரிய ஆட்கள் பங்கு வாங்கின பெண்களின் புருஷன்மார். இந்தச் சாட்சிகளை வைத்து எந்த நீதிமன்றத்தில் என்னத்தைச் சொல்வது?

எங்கள் நொத்தாரிசுமார் இதற்குத்தான் சீவிய உரித்து என்று ஒரு வாசகம் வைத்திருக்கிறார்கள். காணியும் வீடும் இன்று முதல் மகளுக்கு, கொடுத்தவர் உயிரோடு இருக்கும் மட்டும் அதில் இருக்கவும் பலன் எடுக்கவும் உரித்து அவருக்கு. இரண்டு வரி. அந்த இரண்டு வரியைப் போடவேண்டாம் என்று சொல்ல வைக்கிறதற்கு மாப்பிள்ளை வீட்டார் படும் பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு மாப்பிள்ளை, நாளைக்கு விற்க வேண்டி வந்தால் இடைஞ்சல், உரித்து வைத்தால் சம்பந்தியை நம்பவில்லை என்றல்லவா கருத்து, இப்படிப் பல கதை வரும். ஒருமுறை ஓர் ஆச்சி வந்தார். ஐயா வரைவை வாசித்துக்காட்டிக்கொண்டு போக, மருமகனாக வரப்போகிறவரின் தகப்பனார் குறுக்கே ஏதோ சொன்னார். ஆச்சி அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்து, "தம்பி, அந்தக் குசினி மூலையாவது என்ர பேரில கிடக்கட்டும், எழுதும்" என்றார். எழுதினோம். கல்யாணமும் நடந்தது.

இன்னொருவர் அப்படிச் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற மனிதர், தன் பிள்ளை தன்னை விடாது என்று சொல்லிக்கொண்டே கையெழுத்து வைத்தார். சில வருஷம் கழித்து அதே வீட்டின் அறுதி உறுதி, அதாவது விற்பனை உறுதி, எங்கள் மேசைக்கு வந்தது. மகளும் மருமகனும் ரொறன்ரோவில் இருந்து, தங்களுக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஊர் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பெண் தன் சீதனக் காணியை விற்பதற்கும் புருஷனின் சம்மதம் வேண்டும், ஆகவே இரண்டு பேருடைய ஒப்பமும் ஒழுங்காக இருந்தது. எல்லைகள் சரி, கிணற்றுப் பங்கு சரி, வான்பயிர் செய்பயிர் எல்லாம் சரி. தகப்பன் எங்கே இருக்கிறார் என்று கேட்பதற்கு அந்த உறுதியில் இடம் இல்லை.

இதை வைத்துக்கொண்டு இரண்டாம் அங்கத்தின் கடைசிக் காட்சியை வாசியுங்கள். கொனரில் ஏற்கெனவே நூறு ஆட்களை ஐம்பது ஆக்கிவிட்டாள். கிழவர் கோபித்துக்கொண்டு ரீகனிடம் போகிறார். அவள் இருபத்தைந்துக்கு மேல் இடமில்லை என்கிறாள். அப்படியென்றால் உன்னுடைய ஐம்பது இவளுடைய இருபத்தைந்தைவிட இரட்டிப்பு, உனக்குத்தான் இரட்டிப்பு அன்பு, நான் உன்னோடு வருகிறேன் என்று மூத்தவளிடம் திரும்புகிறார். உடனே அவள் இருபத்தைந்து என்னத்துக்கு, பத்து என்னத்துக்கு, ஐந்து என்னத்துக்கு என்கிறாள். ஒன்றுதான் என்னத்துக்கு என்று ரீகன் முடிக்கிறாள். உங்களுக்கு எல்லாம் தந்தேனே என்று தகப்பன் சொல்லும்போது, தரவேண்டிய நேரத்தில்தானே தந்தீர்கள் என்று அதே பெண் ஒரு பதில் சொல்கிறாள். ஆவிகளும் சூனியக்காரிகளும் வருகிற நாடகங்கள் எல்லாவற்றிலும் இதைவிடப் பயங்கரமான ஒரு வசனம் இருக்கிறதாக எனக்குத் தெரியவில்லை. இந்த வசனத்தை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் நான் கந்தோர் விறாந்தையில் கேட்டிருக்கிறேன்.

லியரோடு திரியும் கோமாளிக்குச் சட்ட மூளை இருக்கிறது. நத்தைக்கு ஏன் வீடு என்று கேட்டு அவனே பதிலும் சொல்கிறான். தலையை உள்ளே வைப்பதற்கு, பெண்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியில் நிற்பதற்கு அல்ல. ஐயா அந்தப் பக்கத்தில் மூன்று கோடு போட்டிருந்தார்.

சரி, கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எங்கள் உரோமன் டச்சுச் சட்டத்தில் அதற்கு ஒரு சிறிய வாசல் உண்டு. நன்கொடை வாங்கினவர் கொடுத்தவருக்குப் பெரும் நன்றிகேடு செய்தார் என்று காட்டினால் மீளப்பெற முடியாத நன்கொடையையும் ரத்துச் செய்யலாம். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதற்கு நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்று தெளிவாக்கியிருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு எதிராக வழக்குப் போட எங்கள் ஆட்களுக்கு மனம் வராது என்பது வேறு கதை. லியருக்குப் போவதற்கு நீதிமன்றமே இல்லை. மூன்றாம் அங்கத்தில் ஒரு பண்ணை வீட்டுக்குள் கற்பனையில் ஒரு நீதிமன்றம் வைத்து, ஒரு முக்காலியைக் கொனரில் என்று கூண்டில் நிறுத்தி விசாரிக்கிறார். இந்த விசாரணை 1608இல் அச்சான பிரதியில் இருக்கிறது, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுப் பெருந்தொகுதியில் இல்லை. மேடை ஏற்றுகிறவர்கள் தயவுசெய்து 1608ஐப் பார்க்கவேண்டும்.

சீதனப் பேச்சும் முதலாம் காட்சியிலேயே வருகிறது. கொடீலியாவைக் கேட்டு இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள், பேர்கண்டிப் பிரபுவும் பிரான்ஸ் அரசனும். பெண்ணுக்கு இனி ஒன்றும் இல்லை என்று தகப்பன் சொன்னதும் பேர்கண்டி மரியாதையாகப் பின்வாங்குகிறார். முதலில் சொன்ன பங்கைத் தந்தால் இப்பவே கைபிடிப்பேன் என்று ஒருமுறை கேட்டும் பார்க்கிறார். பிரான்ஸ் அரசனோ இந்தப் பெண்ணே ஒரு சீதனம் என்று சொல்லி வெறுங்கையோடு கூட்டிக்கொண்டு போகிறான். பேர்கண்டி வேடத்துக்கு யாழ்ப்பாணத்தில் நடிகர் பஞ்சம் வராது.

இந்த நாடகம் 1606ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அரண்மனையில் ஆடப்பட்டது. அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1707இல், ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் தேசவழமையைத் தொகுத்து ஒப்படைத்தார். வழிவழியாக வந்த முதுசொம் என்ன, சீதனம் என்ன, கல்யாணத்துக்குப் பிறகு தேடிய தேட்டம் என்ன என்று அதில் பிரித்து வைத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் லியர் எங்களுக்கு எவ்வளவு தூரம் என்பது தெரியும்.

ஷேக்ஸ்பியருக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்த அறிவு என்று நினைக்கவேண்டாம். தாயார் மேரி ஆடனுக்குத் தகப்பன் வழியில் வந்த காணி ஒன்று வில்ம்கொட் என்ற ஊரில் இருந்தது. 1578இல், பையனுக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது, தகப்பன் ஜோன் அதை 40 பவுணுக்கு ஈடு வைத்தார். ஈடு பிடித்தவர் பிறத்தியார் அல்ல, மனைவியின் சகோதரியைக் கட்டிய எட்மண்ட் லம்பேட். தவணைக்கு மீட்கவில்லை. லம்பேட் செத்து அவர் மகன் காலத்திலும் வழக்கு நடந்தது, காணி திரும்பவில்லை. தாய் வழிக் காணியைச் சகலனிடம் ஈடு வைத்து இழந்த குடும்பங்களை எங்கள் காணிக் கந்தோர்ப் பதிவுகளில் தேடினால் எத்தனை வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்ததாக எனக்குப் பிடித்தது வெனிஸ் வணிகன். இதில் எங்கள் தொழிலே மேடையில் வருகிறது. வாருங்கள் நொத்தாரிசிடம் போய் முறியில் முத்திரை வைப்போம் என்று கடன் கொடுக்கிற யூதன் ஷைலொக் கூப்பிடுகிறான். மூவாயிரம் டுக்கற், மூன்று மாதத் தவணை, கடன் பசானியோவுக்கு, முறி எழுதிக் கொடுப்பது அன்ரோனியோ. தவறினால் ஒரு இறாத்தல் சதை. அப்படி ஒரு முறியை எழுதச் சொல்லி யாராவது வந்திருந்தால் ஐயா குடையைக் காட்டி வாசலைக் காட்டியிருப்பார். சட்டம் படித்தவர் வேடத்தில் வந்து போஷியா என்ற பெண் வழக்கை வென்ற விதத்தைப் பற்றியும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. சதை வெட்ட உரிமை கொடுத்த முறி அதோடு வருகிற இரத்தத்துக்கும் உரிமை கொடுத்ததுதான், கிணற்றுப் பங்கு எழுதினால் தண்ணீர் அள்ள வேறு உறுதி எழுதுவதா என்று வாதாடுவார். முறி ஆரம்பத்திலேயே செல்லாது என்று தள்ளியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

ஆனால் எனக்கு நெஞ்சில் நிற்பது அதற்குப் பிறகு வருகிற இடம். ஷைலொக் தோற்றுப்போய் நிற்கிறான். மதம் மாறவேண்டும், இறக்கும்போது இருப்பதெல்லாம் ஓடிப்போன மகளுக்கும் மருமகனுக்கும் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். போஷியா பக்கத்தில் நிற்கிற கிளாக்கரைப் பார்த்து, நன்கொடை உறுதி ஒன்று வரையும் என்று உத்தரவிடுகிறாள். உலக நாடகத்தில் எங்களுக்கென்று எழுதிய வசனம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஷைலொக், எனக்குச் சுகமில்லை, உறுதியைப் பின்னால் அனுப்புங்கள், ஒப்பம் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். பிறகு அவன் மேடைக்கு வருவதே இல்லை. சுகமில்லாதவர்களின் வீட்டுக்கு உறுதியும் மைப்பெட்டியும் கொண்டு போய் வந்தவன் நான். கட்டில் தலைமாட்டில் நிற்கும் சொந்தக்காரரின் முகங்களைப் பார்த்தாலே அந்த ஒப்பம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். இந்த நாடகத்தைச் சிரிப்பு நாடகம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

யூலியஸ் சீசரில் எல்லோருக்கும் அன்ரனியின் சொற்பொழிவு தெரியும். சீசரின் மரணசாதனத்தைக் கையில் வைத்து ஆட்டிக்காட்டி, வாசிக்கமாட்டேன் வாசிக்கமாட்டேன் என்று சொல்லியே சனத்தைக் கொதிக்க வைக்கிறார். ஒவ்வொரு உரோமனுக்கும் எழுபத்தைந்து திரக்மா, ரைபர் நதிக்கரைத் தோட்டங்கள் எல்லாம் பொதுமக்களுக்கு. சனம் தீப்பந்தத்தோடு ஓடுகிறது. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் இது வரைக்கும் தான் மனப்பாடம் செய்கிறார்கள். அடுத்த அங்கத்தின் முதலாவது காட்சியை யாரும் பேசக் காணவில்லை. அதே அன்ரனி, கூட்டாளிகளோடு மேசையில் இருந்துகொண்டு, அந்த மரணசாதனத்தைக் கொண்டுவா, கொடுக்கவேண்டியதில் எதை வெட்டலாம் என்று பார்ப்போம் என்கிறார். தேர்தல் காலத்தில் ஒரு தரம் வாசித்துப் பார்க்கலாம்.

கட்டுரையாளர் பேரே சொல்லாமல் விட்ட ஒரு நாடகம் 'அளவுக்கு அளவு'. அதில் மரியானா என்று ஒருத்தி. நீதிமான் என்று பேரெடுத்த அஞ்சலோவுக்கு நிச்சயிக்கப்பட்டவள். அவளுடைய சீதனத்தோடு வந்த கப்பல் கடலில் தாழ்ந்து, கூட வந்த தமையனும் போய்விடுகிறான். சீதனம் இல்லை என்றதும் அஞ்சலோ சம்பந்தத்தை முறிக்கிறான். காசுக்காக முறித்தேன் என்று சொன்னால் பேர் கெட்டுவிடும் என்று பெண்ணின் ஒழுக்கத்தில் குறை கண்டேன் என்று கதை கட்டிவிடுகிறான். ஐந்து வருஷம் அவள் ஒரு பண்ணை வீட்டில் தனியே இருக்கிறாள். பேச்சுக்கால் குழம்பிய வீடுகளில் அடுத்த வாரமே பெண்ணைப் பற்றி ஊரில் என்ன கதை உலாவும் என்று எங்களுக்குத் தெரியாதா? நாடகத்தின் கடைசியில் அவளுக்கு அதே அஞ்சலோவைக் கட்டிவைக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காத நீதி.

ஹம்லெட்டை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்கவேண்டாம். அதில் எனக்கு வேண்டிய இடம் மயானக் காட்சி. ஹம்லெட் ஒரு மண்டையோட்டைப் பார்த்து, இது காணி வாங்கிச் சேர்த்த ஒருவனுடையதாக இருக்கலாம் என்கிறான். முறிகள், ஒப்பந்தங்கள் என்று அடுக்கிவிட்டு, அவனுடைய காணி உறுதிகள் கூட இந்தப் பெட்டிக்குள் அடங்காதே, சொந்தக்காரனுக்கு இதைவிடக் கூட இடமில்லையா என்று கேட்கிறான். 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் இடம்பெயர்ந்து, வலிகாமத்தில் இருந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் நகர்ந்த சனத்தில் நானும் ஒருவன். உடுப்பை விட்டவர்கள் இருந்தார்கள், அரிசியை விட்டவர்கள் இருந்தார்கள், உறுதிகளை விட்டவர்களைக் காணவில்லை. பொலித்தீன் பைக்குள் சுற்றி, நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடந்தார்கள். வலிகாமம் வடக்கில் பலருக்குப் பல வருஷம் உறுதி மட்டும் கையில் இருந்தது, காணி இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு அந்தப்பக்கம். லியர் புயலுக்குள் நின்றுகொண்டு, வீடு வாசல் இல்லாமல் இந்த மழையைத் தாங்குகிற ஏழைகளே, நான் ஆண்ட காலத்தில் உங்களை எண்ணிப் பார்க்கவில்லையே என்று சொல்கிற இடத்தை அந்த வருஷத்துக்குப் பிறகு ஐயா உரத்து வாசித்ததே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஷேக்ஸ்பியரின் சொந்த மரணசாதனத்தைப் பற்றியும் ஒரு சொல். 1616 மார்ச் 25இல் எழுதி, அடுத்த மாதம் 23இல் இறந்தார். மூன்று தாள். அவருக்கும் பெண்பிள்ளைகள்தான் மிஞ்சினார்கள், மூத்தவள் சுசன்னா, இளையவள் யூடித். வீடு காணியெல்லாம் மூத்தவளுக்கு. இளையவள் அப்போதுதான் கல்யாணம் செய்திருந்தாள், மருமகனில் தகப்பனுக்கு நம்பிக்கை இல்லை. மருமகன் என்று எழுதிய இடத்தை வெட்டி, மகள் யூடித்துக்கு என்று மாற்றியிருக்கிறது. அவளுக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதியை, புருஷன் அதற்குச் சமமான பெறுமதியுள்ள காணியை அவள் பேருக்கு எழுதினாலொழிய, அவன் தொட முடியாதபடி கட்டிவைத்திருக்கிறார். லியரை எழுதிய கை சொந்த விஷயத்தில் கவனமாக இருந்திருக்கிறது. மனைவிக்கு இரண்டாந்தரக் கட்டில் என்ற அந்தப் பேர்போன வரி, வரிகளுக்கு நடுவில் செருகி எழுதப்பட்டது. எங்கள் கந்தோரில் என்றால், இன்ன பக்கத்தில் இன்ன வரிக்கு மேல் இன்ன சொற்கள் சேர்க்கப்பட்டன என்று அத்தாட்சியில் குறித்திருப்போம்.

இனி நான் கேட்க வந்த விஷயம். லியர் மன்னனை யாழ்ப்பாணத்தில் தமிழில், முழு நாடகமாக, யாராவது மேடையேற்ற வேண்டும். ஷேக்ஸ்பியர் எங்களுக்குப் புதியவர் அல்ல. தமிழ்நாட்டு நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் ஹம்லெட்டை அமலாதித்யன் ஆக்கினார், மக்பெத்தை மகபதி ஆக்கினார், சிம்பலினை, வேறு பெயரே கிடைக்காதது போல, சிம்ஹளநாதன் ஆக்கினார். அவருடைய வாணிபுர வணிகனைப் பற்றிப் பேசும்போது எங்கள் நடிகர் கலையரசு சொர்ணலிங்கத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லாத பழைய நாடகக்காரர் இங்கே இல்லை. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த விபுலானந்த அடிகள் 1926இல் மதங்க சூளாமணி என்ற நூலில் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்து ஆராய்ந்தார். வழி போட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது ஆங்கில தினப் போட்டிக்குப் பத்து நிமிடத் துண்டுக் காட்சியோடு நிற்கிறோம்.

லியருக்கு நடிகர் எங்கே என்று கேட்டால், இசைநாடகக்காரரிடம் போங்கள் என்பேன். நடிகமணி வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தைப் பார்த்த தலைமுறையில் நான் ஒருவன். பிள்ளையின் பிணத்தோடு சந்திரமதி சுடலைக்கு வருவதும், அடையாளம் தெரியாமல் அரிச்சந்திரன் கூலி கேட்டு மறிப்பதும், பிறகு தெரிந்து உடைவதும் கோயில் வீதி மணலில் விடியும்வரை இருந்து பார்த்த காட்சிகள். லியரின் கடைசிக் காட்சியில் கிழவர் கொடீலியாவின் பிணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அலறியபடி வருகிறார். நாய்க்கும் குதிரைக்கும் எலிக்கும் உயிர் இருக்கிறது, உனக்கு மட்டும் மூச்சு இல்லையா என்று கேட்கிறார். அதற்கு வேண்டிய குரலும் ஓலமும் எங்கள் இசைநாடக மரபில் இருக்கிறது. பாடியே நடிக்கட்டும், வெள்ளைக்காரர் வந்து பிழை பிடிக்கப் போவதில்லை.

ஒரேயொரு நிபந்தனை. மயான காண்டத்தில் லோகிதாசன் எழும்புவான். கொடீலியா எழும்பமாட்டாள். இதைத் தாங்கமாட்டாமல் 1681இல் நேகம் டேற் என்பவர் கதையை மாற்றினார். கொடீலியா பிழைத்து, நாடகத்தில் வருகிற எட்கார் என்ற இன்னொரு பிரபுவின் மகனைக் கல்யாணம் செய்கிறாள், கிழவருக்கு அரசு திரும்பக் கிடைக்கிறது. 1838இல் நடிகர் மக்ரீடி மூலப் பிரதிக்குத் திரும்பும்வரை இங்கிலாந்து மேடைகளில் பெரும்பாலும் இந்த முடிவுதான் ஓடியது. எங்கள் சனமும் அழும், யாராவது முடிவை மாற்றச் சொல்லுவார்கள், மண்டபத்துக்குக் காசு கொடுத்தவர்களே சொல்லுவார்கள். மாற்றக்கூடாது. வீரசிங்கம் மண்டபமோ, நூலகத்தடியில் இந்திய உதவியில் கட்டிய பண்பாட்டு மையமோ, பல்கலைக்கழகத்துக் கைலாசபதி அரங்கோ, எங்கே போட்டாலும் ரிக்கற் வாங்கி முன்வரிசையில் இருப்பேன். நிலப்படம் விரிக்கிற காட்சியில் நீள அகலத்தை ஒழுங்காகக் காட்டுங்கள், பின்வரிசையில் நில அளவையாளர்களும் இருப்பார்கள்.

அடுத்த வாரம் நகைச்சுவை நாடகங்களைப் பற்றி எழுதப்போவதாகக் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். 'விரும்பிய விதமே' பற்றி எழுதும்போது காட்டையும் காதல் கவிதைகளையும் மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், ஒர்லாண்டோவுக்குத் தகப்பன் மரணசாதனத்தில் விட்ட ஆயிரம் கிறவுணையும், அதை மூத்தவன் கொடுக்காமல் வைத்திருப்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். நாடகத்தின் முதல் வசனமே அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நொத்தாரிசு கிளாக்கர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.